பூசணி மெழுகுவர்த்தி

பூசணி மெழுகுவர்த்தி என்பது சிறிய பூசணிக்காயின் உட்பகுதியைக் குடைந்தெடுத்து, அதனுள் திரியை நிறுத்தி, உருக்கிய மெழுகை ஊற்றி வீட்டிலேயே செய்யப்படும் அலங்கார விளக்கு ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும், ஓரளவு பிரித்தானியாவிலும் இது செய்யப்படுகிறது. செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் இறுதி வரையான இலையுதிர் காலத்தில் உணவு மேசையிலும் கணப்படுப்பின் மேல்தட்டிலும் வாசல் திண்ணையிலும் இதனை வைக்கின்றனர்.

பெயரைக் கேட்டதும் பூசணியிலிருந்து மெழுகு எடுக்கப்படுகிறது என்று எண்ணத் தோன்றும். அப்படியன்று. பூசணியின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மெழுகுக்கும் திரிக்கும் அது ஒரு பாத்திரம் மட்டுமே. அதுவும் ஈரமான, நாளாக நாளாக அழுகும் பாத்திரம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் செய்முறையில் வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றின் காரணம் தானே விளங்கும்.

பருவமும் நிறமும்

வட அமெரிக்காவின் வடபகுதியில் இலையுதிர் காலம் என்பது குளிர் மட்டுமன்று, இருட்டும்கூட. ஜூன் மாதத்தில் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும் பாஸ்டன் நகரில், நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிய பிறகு மாலை நாலரை மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் விளையாடி முடிப்பதற்குள் இருட்டிவிடும். வீட்டுக்குள் விளக்கொளியைத் தேடும் பழக்கம் இந்தப் பருவத்தில் வலுப்பதில் வியப்பில்லை.

அதே வாரங்களில் மேப்பிள் மரங்களின் இலைகள் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாக மாறுகின்றன. இலையில் உள்ள பச்சையம் சிதையும்போது, அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளித்தெரிகின்றன. பூசணியின் தோலுக்கும் சதைக்கும் நிறம் தருவதும் இதே கரோட்டினாய்டு குடும்பம்தான். பூசணி இந்தப் பருவத்தின் அடையாளமாக ஆனதற்கு அறுவடைக் காலம் முதற்காரணம் என்றாலும், மரத்தின் நிறமும் காயின் நிறமும் ஒன்றாக இருப்பதும் கண்ணுக்குப் பிடித்த பொருத்தமே.

பின்னணி

பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் வாகாக்கா மாநிலத்தில் உள்ள கிலா நக்கிட்சு குகையில் கிடைத்த விதைகள், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இக்காய் பயிரிடப்பட்டதைக் காட்டுகின்றன. மக்காச்சோளம் பயிராக்கப்பட்டதற்கும் முந்தியது இது.

காயைக் குடைந்து அதனுள் விளக்கு வைக்கும் வழக்கம் மட்டும் வேறு திசையிலிருந்து வந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அக்டோபர் 31 இரவில், டர்னிப் எனப்படும் கிழங்கைக் குடைந்து, அச்சமூட்டும் முகம் செதுக்கி, உள்ளே நெருப்பு வைத்தனர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் உள்ள நாட்டுப்புற வாழ்வியல் அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட டர்னிப் முகம் ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. இன்றைய சிரிக்கும் பூசணி முகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அதைக் கண்டால் சற்று நடுங்கத்தான் செய்வார்கள். 19ஆம் நூற்றாண்டில், குறிப்பாக 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின், அயர்லாந்து மக்கள் பெருந்திரளாக அமெரிக்கா சென்றனர். அங்கே டர்னிப்பைவிடப் பெரியதும் குடைவதற்கு எளிதானதுமான பூசணி கைக்குக் கிடைத்தது. இவ்வாறு உருவான செதுக்கு விளக்கை ‘ஜாக் ஓ லாண்டர்ன்’ என்கின்றனர்.

பூசணி மெழுகுவர்த்தி அதன் சிறிய உறவினர் எனலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. செதுக்கு விளக்கு ஒரு கூண்டு. தனியாக உள்ள மெழுகுவர்த்தியின் ஒளி முகத்தின் துளைகள் வழியே வெளிவரும். பூசணி மெழுகுவர்த்தியில் பக்கத் துளைகள் இல்லை. மேல்வாய் மட்டுமே திறந்திருக்கும். காய்க்குள் நேரடியாக மெழுகு உறைந்திருக்கும். முன்னது ஹாலோவீன் இரவுக்கு உரியது. பின்னது அதற்குப் பிறகும், நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாள் விருந்து மேசை வரை தொடர்கிறது. கனடாவில் அந்த விருந்து அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையே வந்துவிடும்.

காயைத் தேர்ந்தெடுத்தல்

கடைகளில் அலங்காரத்துக்கென்றே விற்கும் குட்டிப் பூசணிகள் இதற்கு ஏற்றவை. ‘ஜாக் பி லிட்டில்’, ‘மன்ச்கின்’ என்பன செம்மஞ்சள் நிற வகைகள். ‘பேபி பூ’ வெள்ளை நிறம். இவை உள்ளங்கையில் அடங்கும். சற்றுப் பெரிய விளக்கு வேண்டுமென்றால், இனிப்புப் பண்டம் செய்வதற்கு விற்கும் சிறு பூசணியை எடுக்கலாம். முகம் செதுக்குவதற்கென வளர்க்கும் பெரிய காய் வேண்டாம்; அதன் சதை நார்நாராகவும் நீர்த்தும் இருக்கும், சீக்கிரம் தளர்ந்துவிடும்.

மேசைமேல் வைத்தால் ஆடாமல் உட்காருகிறதா என்பதே முதற் சோதனை. அழகாக இருக்கிறதே என்று சாய்ந்த காயை வாங்கிவிட்டு, அடியைச் சீவிச் சமப்படுத்துபவர்கள் உண்டு. அது தவறு. அடித்தோலைச் சீவினால் உள்ளிருக்கும் நீர் கசியவும் பூஞ்சை நுழையவும் வழி பிறக்கும். காம்பு உலர்ந்து கெட்டியாக இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தோலில் நகம் இறங்கக்கூடாது. அறுவடைக்குப் பின் ஏறத்தாழ 27 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பத்து நாள் போலப் பதப்படுத்திய காயின் தோல் கெட்டிப்பட்டிருக்கும். அது நெடுநாள் தாங்கும்.

மெழுகு

வீட்டில் செய்பவர்கள் மூன்று வகை மெழுகைப் பயன்படுத்துகின்றனர். பாரஃபின் மெழுகு பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது, மலிவானது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகையில் உருகும். இயல்பான நறுமணம் உடையது, விலை அதிகம். சோயா மெழுகு, சோயா எண்ணெயுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டிப்படுத்தியது. 1990களில் அமெரிக்காவில் பரவலாயிற்று. பாத்திரங்களில் ஊற்றுவதற்கான சோயா மெழுகு 50 பாகை அளவிலேயே உருகிவிடும்.

பூசணிக்குச் சோயா மெழுகே பொருத்தம். ‘இயற்கையானது’ என்று விளம்பரங்கள் சொல்வதற்காக அல்ல. குறைந்த சூட்டில் ஊற்ற முடிவதால் காயின் உட்சதை வேகாது. சதை வெந்தால் அதிலுள்ள நீர் வெளியேறி மெழுகுக்கும் காய்க்கும் இடையில் தேங்கும். காயும் விரைவில் தளரும். தேன்மெழுகை இந்த அழுகும் பாத்திரத்தில் ஊற்றுவது வீண் செலவு.

எவ்வளவு மெழுகு வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. குடைந்த காயில் விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழ் வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை அளவுக் குவளையில் கொட்டி அளக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மெழுகின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, ஏறத்தாழ 0.9. ஆகவே 90 கிராம் மெழுகு போதும். மெழுகுச் சீவல்களை அதே குவளையால் அளந்தால் கணக்கு தவறும். சீவல்களுக்கு இடையில் காற்று இருப்பதால் எடை குறைவாகவே வரும். தராசில் நிறுப்பதே சரி.

நிறம் சேர்க்க விரும்புவோர் பிள்ளைகளின் மெழுகு வண்ணக் குச்சிகளை உருக்கிச் சேர்ப்பதைப் பார்க்கலாம். அக்குச்சிகளில் உள்ள நிறத்தூள் மெழுகில் கரைவதில்லை. திரியின் நுண்ணிய இடைவெளிகளை அடைத்துவிடும். சுடர் சிறுத்து அணையும். மெழுகுவர்த்திக்கென விற்கும் கரையும் சாயத்தையே பயன்படுத்த வேண்டும். உண்மையில் செம்மஞ்சள் காய்க்குள் வெண்மெழுகு இருப்பதே பார்வைக்கு எடுப்பாக இருக்கும்.

திரி

திரி வெறும் நூல் அல்ல. பருத்தி இழைகளைப் பின்னித் தட்டையாகவோ சதுரமாகவோ செய்வார்கள். பின்னல் இல்லாத பழங்காலத் திரிகள் எரிந்து கருகி நீண்டுகொண்டே போகும். அவற்றை அடிக்கடி கத்தரிக்கொண்டு வெட்ட வேண்டியிருந்தது. 1820களில் பிரான்சில் பின்னல் திரி வந்தது. அது எரியும்போது வளைந்து, நுனி சுடரின் வெளி ஓரத்துக்குச் சென்று தானே சாம்பலாகிவிடும். சிலர் சணல் கயிற்றையோ தையல் நூலையோ திரியாக வைத்துப் பார்த்துவிட்டு மெழுகைக் குறை சொல்வார்கள், குற்றம் திரியினுடையது.

திரியை நிமிர்த்தி நிறுத்த ஈயக் கம்பி வைப்பது முன்பு இருந்தது. எரியும்போது ஈயம் காற்றில் கலப்பதால் அமெரிக்கா 2003இல் அதைத் தடை செய்தது. கடையில் கிடைக்கும் திரியின் அடியில் ஒரு சிறிய உலோகத் தட்டு பொருத்தப்பட்டிருக்கும். அதை நீக்கக்கூடாது. திரியை நிறுத்துவதோடு, சுடர் காயின் அடிவரை இறங்காமல் தடுப்பதும் அதன் வேலை.

உருகும் மெழுகுக் குளம் காயின் விளிம்பு வரை பரவுமாறு திரியின் பருமன் அமைய வேண்டும். ஐந்தாறு செ.மீ. அகலமுள்ள வாய்க்கு நடுத்தரத் திரி ஒன்று போதும். பத்து செ.மீ. என்றால் மெல்லிய திரிகள் இரண்டு வைப்பது, தடித்த திரி ஒன்று வைப்பதைவிட நல்லது; தடித்த திரி புகையும்.

செய்முறை

முதல் நாள் காயைத் தயாரிக்க வேண்டும். ஈரத்துணியை மடித்துப் பலகையில் விரித்து அதன்மேல் காயை வைத்தால் உருளாது. குட்டிப் பூசணியின் தோல் எதிர்பார்ப்பதைவிடக் கெட்டியானது. கத்தி வழுக்குவது இங்கேதான். பல்வைத்த சிறு கத்தியால், காம்பைச் சுற்றி ஐந்தாறு செ.மீ. அகலத்தில் வட்டமாக அறுத்து மூடியை எடுக்க வேண்டும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடாது. கரண்டியால் விதையையும் குடலையும் வழிப்பதை அவர்களிடம் விடலாம். அவர்களுக்கு அதுதான் பிடிக்கும். விதைகளைத் தனியே எடுத்துக் கழுவி, உலர்த்தி, உப்பிட்டு வறுத்துத் தின்னலாம். சுவரின் கனம் ஒரு செ.மீ.க்குக் குறையாமல் சுரண்ட வேண்டும். அடிப்பகுதியில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே விட்டுவைக்கலாம்.

குடைந்து, தண்ணீரால் அளந்த பின், உட்புறத்தைத் தாளால் ஒற்றி, துணியின்மேல் கவிழ்த்து இரவு முழுவதும் வைக்க வேண்டும். அவசரப்படுபவர்கள் தவிர்ப்பது இந்தப் படியைத்தான். சுவரில் ஒட்டியுள்ள ஈரம் மெழுகில் துளிகளாகச் சிக்கிக்கொள்ளும். சுடர் அந்தத் துளியை எட்டும்போது சடசடவென வெடித்துத் தெறிக்கும், அல்லது திரி நனைந்து அணையும்.

மறுநாள் காலை திரியின் உலோகத் தட்டை அடிச்சதையில் லேசாக அழுத்திப் பதித்து, மேல்நுனியை வாயின் குறுக்கே வைத்த பென்சிலில் சுற்றி நேராக நிறுத்த வேண்டும். காயை விளிம்புள்ள தட்டில் வைத்துவிட்டு உருக்கும் வேலைக்கு வரலாம்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்து உருக்கக்கூடாது. அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதனுள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி உருக்க வேண்டும். வீட்டில் சாக்லேட் உருக்குவதும் இப்படித்தான். கொதிக்கும் தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது. ஆகவே மெழுகும் தாண்டாது. நேரடிச் சூட்டில் அத்தகைய எல்லை இல்லை. பாரஃபின் ஏறத்தாழ 200 பாகையைக் கடந்தால் அதிலிருந்து எழும் ஆவி தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையை எட்டும் வரை மெழுகு எந்த அடையாளத்தையும் பெரிதாகக் காட்டாது. தண்ணீர் கொதிப்பதுபோல் அது கொதித்து எச்சரிப்பதில்லை. அடித்தண்ணீர் வற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வற்றிவிட்டால் இரட்டைப் பாத்திரம் இருந்தும் பயனில்லை.

சோயா மெழுகு முழுவதும் உருகி 75 பாகை அளவை அடைந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, மணம் வேண்டுமென்றால் மெழுகுவர்த்திக்கான நறுமண எண்ணெயைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். 90 கிராம் மெழுகுக்கு 5 கிராம் எண்ணெய் போதும். பிறகு 55 முதல் 60 பாகை வரை ஆறவிட்டு, காயின் நடுவே அன்றி ஓரமாக, மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். மெழுகுப் பொட்டலத்தில் வேறு வெப்பநிலை அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுவது நல்லது. ஒவ்வொரு நிறுவனத்தின் கலவையும் வேறு. விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழே நிறுத்திவிட வேண்டும். ஊற்றியதில் சிறிதளவை மிச்சம் பிடித்து வைக்கவும்.

உறையும்போது மெழுகு சுருங்கும். ஓரமும் மேற்பரப்பும் முதலில் கெட்டியாகி, நடுப்பகுதி கடைசியில் உறைவதால் திரியருகே குழி விழும். உள்ளே வெற்றிடமும் இருக்கலாம். மேற்பரப்பு ஏடு கட்டியதும் ஒரு குச்சியால் திரியருகே இரண்டு மூன்று துளையிட்டு, மிச்சம் வைத்த மெழுகை மறுபடி உருக்கி ஊற்றினால் பரப்பு சமமாகும். நான்கைந்து மணி நேரம் அசைக்காமல் விட்டு, திரியை ஆறு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டினால் விளக்கு தயார். சீக்கிரம் உறையட்டும் என்று குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மெழுகு வெடித்து, காயின் சுவரிலிருந்து விலகும்.

பாத்திரங்களில் ஒட்டிய மெழுகைக் கழுவுதொட்டியில் கொட்டக்கூடாது. குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே தாளால் துடைத்துக் குப்பையில் போட வேண்டும்.

எரியும்போது நடப்பது

மெழுகுவர்த்தியில் எரிவது திரி என்று பலர் நினைக்கின்றனர். திரி எரிவது மிகச் சிறிதளவே. சுடரின் வெப்பத்தால் உருகிய மெழுகு திரியின் இழைகளுக்கிடையே நுண்புழை ஏற்றத்தால் மேலேறுகிறது. நுனியில் அது ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860–61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளையோருக்காக ஒரு மெழுகுவர்த்தியையே பாடப்பொருளாக வைத்துத் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பற்றிக்கொள்வதை அவர் செய்து காட்டினார். அந்த வெண்புகை எரியாத மெழுகின் ஆவி. வகுப்பறையில் இன்றும் செய்து காட்டத் தகுந்த சோதனை இது.

முதல்முறை ஏற்றும்போது மெழுகு ஓரம் வரை உருகும்படி விட வேண்டும். பாதியில் அணைத்தால், அடுத்தமுறை அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே உருகி, கிணறுபோல் இறங்கிவிடும். பக்கத்து மெழுகு வீணாகும். அதற்காக நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிய விடவும் கூடாது.

இத்தகைய சிறு விளக்கில் மணிக்கு ஐந்து முதல் ஏழு கிராம் மெழுகு செலவாகும். 90 கிராமுக்குக் கணக்குப்படி 13 மணி நேரமாவது வரும். அடியில் ஒன்றரை செ.மீ. மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும் என்பதால், கைக்கு வருவது பத்து மணி நேரத்துக்கும் குறைவே. நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் மூன்று மாலைகள். குடைந்த காயின் ஆயுளும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே மெழுகு போதவில்லையே என்று பெரிய காயைத் தேடுவதில் பயனில்லை.

தீ ஆபத்து

இலையுதிர் கால அலங்காரம் என்றாலே உலர்ந்த பொருள்கள்தாம்: சருகு, வைக்கோல் கட்டு, காய்ந்த சோளத்தட்டை, துணிப்பூ. வட அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டத்தில் கட்டப்பட்டவை. இவற்றின் நடுவே திறந்த சுடர் வைக்கப்படுகிறது என்பதை மறக்கக்கூடாது. அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்புகள் சொல்லும் எளிய விதி, சுடரைச் சுற்றி ஓர் அடிக்குள், அதாவது 30 செ.மீ.க்குள், எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்பது. படங்களில் பூசணி மெழுகுவர்த்தியைச் சுற்றி மேப்பிள் சருகுகளைத் தூவி, மேலே இலவங்கப்பட்டைக் குச்சிகளை நட்டு வைத்திருப்பார்கள். அது படம் எடுக்கும் ஒரு நிமிடத்துக்கான அழகு. மெழுகில் செருகிய பட்டையும் உலர்பூவும் இரண்டாவது திரியாக மாறிக் கொழுந்துவிட்டு எரியும்.

வெட்டி எடுத்த மூடியை எரியும் விளக்கின்மேல் வைக்கக்கூடாது. காற்று குறைந்து புகையும், மூடியும் கருகும். விளக்கு அணைந்திருக்கும்போது அலங்காரமாக வைக்கலாம். ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் தரை வரை தொங்கும் மெல்லிய வேடத்துணிகளை அணிந்து வருவார்கள். அன்று வாசற்படியில் இந்த விளக்கை வைக்கவே கூடாது. மின்கல விளக்கே போதும். ஆளில்லாத அறையிலும் உறங்கும் நேரத்திலும் எரிய விடக்கூடாது என்பது எல்லா மெழுகுவர்த்திக்கும் பொருந்தும். பூனை உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை.

பூசணிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. கண்ணாடிக் குவளை நாளை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்; பூசணி அப்படியன்று. மூன்றாம் நான்காம் நாளில் வெளித்தோல் பளபளப்பாகவே இருக்க, அடி மட்டும் உள்ளுக்குள் குழைந்திருக்கும். எரிந்துகொண்டிருக்கும்போது அடி விட்டுப்போனால் உருகிய மெழுகு மேசையில் பாயும், திரி சாயும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஏற்றுவதற்கு முன் கையில் எடுத்து, அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சிறிது அமுங்கினாலும் அதன் வேலை முடிந்தது. அடியில் எப்போதும் விளிம்புள்ள பீங்கான் அல்லது உலோகத் தட்டு இருக்க வேண்டும்.

இந்தக் காரணத்தால், சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு வேறொரு வழி மேலானது. காயைச் சற்று அகலமாகக் குடைந்து, மெழுகு நிரப்பிய சிறு கண்ணாடிக் குவளையையோ உலோகக் கிண்ண மெழுகுவர்த்தியையோ உள்ளே இறக்கிவிடலாம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. காய் அழுகினால் குவளையை எடுத்து வேறு காயில் வைத்துக்கொள்ளலாம். ‘கையால் செய்தது’ என்ற மகிழ்ச்சி சற்றுக் குறையலாம். பாதுகாப்பு பலமடங்கு கூடும்.

உருக்கும்போது மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. தண்ணீர் மெழுகைவிடக் கனமானது. எரியும் மெழுகின் அடிக்குப் போய், அங்குள்ள சூட்டில் நொடியில் நீராவியாகும். நீராவி தண்ணீரைவிட ஏறத்தாழ 1,700 மடங்கு இடத்தை அடைக்கும். அந்த விரிவு எரியும் மெழுகை நெருப்புப் பந்தாகக் கூரை வரை வீசியெறியும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தூக்காமல், பக்கத்திலிருந்து ஒரு தட்டையான மூடியை நகர்த்தி மூடிவிட வேண்டும். அதற்காக, உருக்கத் தொடங்கும் முன்பே பொருத்தமான மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது நல்ல பழக்கம். மூடியும் எட்டாமல், தீயும் அடங்காமல் போனால் வீட்டைவிட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

சூடான மெழுகு தோலில் பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட மெழுகை உரித்தால் தோலும் சேர்ந்து வரும். அதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும். பற்பசை, வெண்ணெய் முதலியன கூடாது.

அழுகலைத் தள்ளிப்போடுதல்

குடைந்த பூசணி அறைச் சூட்டில் மூன்று முதல் ஏழு நாள் தாங்கும். எரியாத நேரத்தில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஒன்றிரண்டு நாள் கூடும். குடைவதற்கு முன் வெளித்தோலையும், குடைந்த பின் உட்புறத்தையும் வெளுப்பு நீர்க் கரைசலால் துடைப்பது பூஞ்சையைக் குறைக்கும். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். வேறு சிலர் வினிகரால் துடைப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும். ஒன்றை மட்டுமே எடுக்க வேண்டும். வெட்டுவாயில் வாசலைன் தடவும் யோசனையும் பரவலாக உண்டு. செதுக்கு விளக்கில் மின்விளக்கு வைப்பவர்களுக்கு அது சரி. திறந்த சுடரின் விளிம்பில் பெட்ரோலியக் களிம்பைப் பூசுவது அறிவுடைமை ஆகாது.

‘பூசணி மணம்’

கடையில் விற்கும் பூசணி மண மெழுகுவர்த்தியை முகர்ந்தால் இலவங்கப்பட்டை, சாதிக்காய், இஞ்சி, கிராம்பு ஆகியவற்றின் மணமே வரும். பூசணிக்கென்று பெரிய மணம் கிடையாது. பூசணிப் பண்டத்தில் சேர்க்கும் மசாலைக் கலவையின் மணமே காயின் பெயரைப் பெற்றுவிட்டது. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2003இல் இக்கலவை சேர்த்த காப்பியை அறிமுகப்படுத்திய பின் அந்தப் பெயர் இன்னும் பரவியது. காய் அமெரிக்காவினுடையது, கிராம்பும் சாதிக்காயும் மொலுக்கா தீவுகளைத் தாயகமாகக் கொண்டவை, உயர்ந்த இலவங்கப்பட்டை இலங்கையினுடையது. ஓர் அமெரிக்க இலையுதிர் கால மணத்தில் பாதி இந்தியப் பெருங்கடலைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் விளைந்தது.

அரைத்த மசாலைத் தூளை மெழுகில் கலப்பது பயன் தராது. தூள் அடியில் தங்கும், திரியை அடைக்கும்.

தமிழர் வழக்கில்

தமிழில் ‘பூசணி’ என்ற சொல் இரண்டு காய்களைக் குறிக்கிறது. கலியாணப் பூசணி, சாம்பல் பூசணி, நீற்றுப்பூசணி எனப்படுவது ஆசியாவுக்கு உரியது. மஞ்சள் பூசணி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஐரோப்பியரைக் குறித்த ‘பரங்கி’ என்ற சொல்லோடு சேர்த்துப் பரங்கிக்காய் என்று அது அழைக்கப்படுவது அந்த வரவின் தடயம். இக்கட்டுரையில் பேசப்படும் குட்டிப் பூசணி பரங்கியின் இனத்தைச் சேர்ந்தது.

காயையே விளக்காக்குவது தமிழருக்குப் புதிதன்று. இராகு காலத்தில் துர்க்கை சந்நிதியில் ஏற்றும் எலுமிச்சை மூடி விளக்கும், தேய்பிறை அட்டமியில் பைரவருக்குச் சாம்பல் பூசணியைப் பிளந்து ஏற்றும் விளக்கும் தெரிந்தவையே. அவை வழிபாட்டுக்குரியவை, எண்ணெயில் அல்லது நெய்யில் எரிபவை, ஒருமுறையோடு முடிபவை. பூசணி மெழுகுவர்த்தியோடு அவற்றுக்கு வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை, ஒப்புமை மட்டுமே. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 என்ற ஒரே நாளில் வந்தன. கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் தமிழர்களுக்கு அகலும் பூசணியும் ஒரே வாசலில் சேர்ந்த நாள் அது.

தமிழ்நாட்டின் வெப்பத்தில் இதைச் செய்து பார்க்க விரும்புவோர், குடைந்த காய் இரண்டே நாளில் குழையக்கூடும் என்பதையும், சோயா மெழுகு நண்பகலில் இளகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மண் அகலில் மெழுகு ஊற்றுவது இங்கே எளிது.

பயன்படுத்திய பின்

காய் தளர்ந்ததும் கத்தியால் நான்காகப் பிளந்தால் மெழுகு கட்டியாகக் கழன்று வரும். அதைத் துடைத்து, உலர்த்தி, மறுபடி உருக்கித் துணியில் வடிகட்டினால் அடுத்த விளக்குக்கு ஆகும். ஈரம் ஒட்டியிருந்தால் தண்ணீர் அடியில் தங்கும். ஆறிய பின் கட்டியை எடுத்து அடிநீரைக் கொட்டிவிடலாம்.

மெழுகு ஒட்டாத தோலும் சதையும் உரக்குழிக்குச் செல்லலாம். மெழுகு படிந்த துண்டுகளையும் வண்ணம் பூசிய காய்களையும் அதில் போடக்கூடாது. காட்டு விலங்குகள் தின்னட்டும் என்று காட்டோரத்தில் கொண்டுபோய்ப் போடுவது பிரித்தானியாவில் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. பூசணியை மிகுதியாகத் தின்ற முள்ளெலிகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. குளிர்கால உறக்கத்துக்காக அவை உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஆகவே காடுகளில் பூசணிகளைப் போட வேண்டாம் என்று அங்குள்ள வனப் பாதுகாப்பு அமைப்புகள் கேட்டுக்கொள்கின்றன. மெழுகு ஊற்றிய காயை வீட்டுக் கோழிக்கும் ஆட்டுக்கும்கூடப் போடக்கூடாது.